கண்ணை மூடி நிற்கக் கற்றுக்கொடுத்த பிரிக்பீல்ட்ஸ் பிசியோ வகுப்பு

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை குளிக்கும்போது, சீயக்காய் கண்ணில் படாமல் இருக்கக் கண்ணை இறுக்கி மூடுவோம். அந்த நேரத்தில்தான் நான் இரண்டு தடவை விழுந்தேன். முதல் தடவை சோப்புத் தண்ணீர் வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது தடவை தரையில் வழுக்க எதுவும் இல்லை. கண்ணை மூடியதும் யாரோ தோளைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்த மாதிரி இருந்தது. பைப்பைப் பிடிக்கக் கை நீட்டுவதற்குள் முதுகு சுவரில் இடித்து, தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு 47 வயது. கோலாலம்பூர் செந்தூலில் பிளாட் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன், இருபது வருடத்துக்கு மேலாக. ஆறு வருடத்துக்கு முன்னால், வலது கால் மிஷின் பெடலை அழுத்துகிறதா இல்லையா என்றே தெரியாமல் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடும். குனிந்து பார்த்தால் கால் பெடல் மேலேயே அழுத்திக்கொண்டு இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் என்றார்கள். சுருக்கமாக எம்.எஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் போய், நரம்பின் மேல் உள்ள உறையை அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் சேதி மெதுவாகப் போகும், சில நேரம் போகாமலே நின்றுவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிற நோய் இது. நம் ஊரில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இன்றைக்கும் என் நாத்தனார் எல்லாரிடமும் “அண்ணிக்கு ஸ்ட்ரோக்” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் போய்வந்த பன்னிரண்டு வாரச் சமநிலைப் பயிற்சி வகுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இடத்தின் பெயரைப் போடலாமா என்று நடத்துகிற பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) பிள்ளையிடம் கேட்டேன். “வேணாங்கா. ஒரு வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல எடுக்க முடியாது. ஆள் கூடிட்டா, யாராவது சாயும்போது பிடிக்க எனக்கு ரெண்டு கைதானே இருக்கு” என்றாள். அதனால் பெயர் இல்லை. அங்கே என்ன செய்தார்கள், எது எனக்கு உதவியது, எது உதவவில்லை என்று விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு பிசியோவைத் தேடிப் போகும்போது அது பயன்படும்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்துக்கு ஐந்து தடவை போயிருந்தேன். அங்கே “காலில பலம் இல்ல, பலம் ஏத்தணும்” என்று டிரெட்மில்லில் ஏற்றிவிட்டார்கள். இருபது நிமிடம், கைப்பிடியைப் பிடித்தபடி. ஏர்கோன் பழுது, மூலையில் ஒரு காற்றாடி மட்டும். பதினைந்தாவது நிமிடத்தில் வலது முன்பாதம் தூக்காமல் பெல்ட்டில் உரச ஆரம்பிக்கும். சொன்னால், “பயந்தான் காரணம், பழகிடும்” என்பார்கள். ஐந்தாவது நாள் வீட்டுக்கு வந்து காடியை விட்டு இறங்கும்போதே விழுந்தேன். முட்டியில் நாலு தையல். அதோடு போதும் என்று என் கணவர் சொல்லிவிட்டார். விழுந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. குளியலறையில் கண்ணை மூடினால் விழுகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஐந்து நாளில் ஒருவர்கூட என்னைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்குப் போவது சுலபம். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, என்யூ சென்ட்ரல் கடைத்தொகுதி வழியாகக் குளிர்ச்சியிலேயே நடந்து ஜாலான் துன் சம்பந்தனுக்கு வந்துவிடலாம். அந்தத் தெருவின் நடைபாதையில் மஞ்சள் கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பார்வையில்லாதவர்கள் கோலோடு நடக்கப் போட்ட பாதை அது. நீளக் கோடு மேடாக இருந்தால் நேராகப் போகலாம், வட்டப் புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும், கவனிக்க வேண்டும் என்று பொருள். மெல்லிய சிலிப்பர் போட்டு நடந்தால் என் இடது பாதத்துக்குக் கோடு எது, புள்ளி எது என்று தெரியும். வலது பாதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் நாள் அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, அவள் பேனாவை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டாள். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நிலையம் பழைய கடைவீட்டின் முதல் மாடியில். மின்தூக்கி கிடையாது. 22 படி, ஏறும்போது இடது பக்கம் மட்டும் கைப்பிடி. சமநிலை இல்லாதவர்களுக்கான வகுப்புக்கு இப்படி ஒரு படிக்கட்டா என்று கீழேயே நின்றுவிட்டேன். இது பெரிய குறை, அவளிடமும் சொன்னேன். “தரைத்தள வாடகை கட்டுப்படி ஆகலக்கா” என்று மறைக்காமல் சொன்னாள். ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் கீழே வந்து கூட்டிப் போகிறாள், முதல் பாடமும் அந்தப் படியிலேயே. ஏறும்போது நல்ல கால் முன்னால் போக வேண்டும், பலவீனமான கால் பின்னால் வரும். இறங்கும்போது பலவீனமான கால் முதலில் இறங்க, உடம்பின் பாரத்தை நல்ல கால் மேலேயே தாங்கிக்கொள்ளும். ஆறு வருடமாக நான் இறங்கும்போது நல்ல காலைத்தான் முதலில் வைத்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியில் வருபவர்களால் இங்கே வரவே முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் முழுக்கச் சோதனைதான், ஒன்றரை மணி நேரம். சமநிலையை அளக்கும் பெர்க் அளவுகோல் என்று ஒன்று: நாற்காலியிலிருந்து எழுவது, கை நீட்டுவது, தரையில் கிடக்கும் செருப்பை எடுப்பது, ஒரே இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று 14 வேலை, ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி, மொத்தம் 56. எனக்கு 39. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் என்று பார்த்தாள். 15 விநாடி.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். நாலு விதமாக நிற்க வைத்தாள், ஒவ்வொன்றும் 30 விநாடி தாங்க வேண்டும். வெறும் தரையில் கண் திறந்து: 30 தாண்டினேன். வெறும் தரையில் கண் மூடி: 11. தடிப்பான ஸ்பாஞ்சு மெத்தை மேல் கண் திறந்து: 19. மெத்தை மேல் கண் மூடி: இரண்டே விநாடி, அவள் கையில்தான் விழுந்தேன்.

தாளில் எழுதிய நாலு எண்ணையும் காட்டி அவள் விளக்கியது இது. நாம் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து சேதி வருகிறது. கண் ஒன்று. உள்காது ஒன்று, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அதுதான் சொல்லும். மூன்றாவது, பாதத்தின் தோலும் கணுக்கால் முட்டி மூட்டுகளும் தசைகளும் அனுப்புவது. இந்த மூன்றையும் மூளை சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறது. எனக்குப் பாதத்துச் சேதி வரும் வழியில் உறை அரித்துப் போயிருக்கிறது. அதனால் என்னை அறியாமலே கண்ணை நம்பியே நின்றுகொண்டிருந்தேன். கண்ணை மூடினால் மிச்சம் இருப்பது உள்காது மட்டும், அதை வைத்து நிற்க என் மூளைக்குப் பழக்கமில்லை. “உங்க கால் பலவீனமா இருக்கிறது உண்மைதாங்கா, ஆனா நீங்க குளிக்கிறப்ப விழுறதுக்கு அது காரணம் இல்ல” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயம் என்று சொன்னார்கள், கவனக்குறைவு என்று சொன்னார்கள், உடம்பில் சத்து இல்லை என்று மாமியார் சொன்னார். ஏன் என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். கண்ணை மூடினால் தடுமாறுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்து எழுதியிருக்கிறார், அந்தச் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். காலைச் சேர்த்து, கண்ணை மூடி, பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிட வேலை. அதை யாரும் செய்யாமல் விட்டார்களே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பயிற்சி வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். மிச்ச நாள் வீட்டில் பதினைந்து நிமிடம். முதலில் சொல்லிக்கொடுத்தது மூலையில் நிற்பது. இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், சுவரில் சாயக்கூடாது, முன்னால் ஒரு கனமான நாற்காலி முதுகு நம்மைப் பார்த்தபடி. பின்னால் சாய்ந்தால் சுவர் தாங்கும், முன்னால் சாய்ந்தால் நாற்காலி கைக்கு வரும். அந்த இடத்தில் காலைச் சேர்த்து நில், பிறகு ஒரு காலின் விரலுக்கு முன்னால் மற்றக் காலின் குதிகாலை வைத்து ஒரே கோட்டில் நில், பிறகு நின்றபடி தலையை இடமும் வலமும் திருப்பு என்று ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டுவாள். கண் மூடி நிற்பது மட்டும் வீட்டில் ஆள் பக்கத்தில் இல்லாமல் கூடாது என்று என் மகளை வரவழைத்துச் சொல்லி அனுப்பினாள். என் வீட்டில் சாமி மேடைக்கு எதிர் மூலைதான் காலியாக இருந்தது. கண்ணைத் திறந்ததும் முருகன் படம் தெரியும், ஆடாமல் பார்க்க ஒரு புள்ளியும் அதுதான்.

இரண்டாவது, கண்ணுக்கான பயிற்சி. இதை நான் முதலில் மதிக்கவில்லை, இப்போது இதைத்தான் விடாமல் செய்கிறேன். கை நீட்டும் தூரத்தில் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, பார்வையை அதிலேயே வைத்து, தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்ட வேண்டும். எழுத்து கலங்காத வேகத்தில் ஆட்ட வேண்டும், கலங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவள் கொடுத்த அட்டையில் ஆங்கில எழுத்து இருந்தது. வீட்டில் நான் ஒரு வெள்ளை அட்டையில் ஆய்த எழுத்தை எழுதிக்கொண்டேன். மூன்று புள்ளியும் மூன்றாகத் தெரிகிற வரைக்கும் சரியான வேகம். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் அதிகம். அடுத்த வாரம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன், மற்றவர்களுக்கும் அதையே எழுதிக்கொடுத்துவிட்டாள். உள்காதையும் கண்ணையும் சேர்ந்து வேலை செய்யப் பழக்குகிற பயிற்சி இது. 2018இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.எஸ். உள்ள 88 பேரை வைத்துச் செய்த ஆய்வு ‘நியூராலஜி’ இதழில் வந்தது. சமநிலைப் பயிற்சியோடு கண் அசைவுப் பயிற்சியும் செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட சமநிலை கூடியது, தலைசுற்றலும் அசதியும் குறைந்தன என்று அதில் இருக்கிறது. அசதி குறைந்தது என்பதை நானும் உணர்ந்தேன். நிற்பதற்கே அவ்வளவு கவனம் செலவானால் உடம்பு களைக்காமல் என்ன செய்யும்?

மெத்தையைப் பற்றிக் கொஞ்சம். வீட்டுக்கு ஒன்று வாங்கச் சொன்னாள். நான் அவசரப்பட்டு இணையத்தில் 29 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்று வாங்கினேன். மூன்றே வாரத்தில் நடுவில் குழி விழுந்து, நின்றால் குதிகால் தரையைத் தொட்டது. மெத்தையின் வேலையே பாதத்துக்குக் கிடைக்கும் சேதியைக் குழப்புவதுதான். தரை தட்டினால் அதில் நின்று பயனில்லை. பிறகு அவள் சொன்ன இடத்தில் 135 வெள்ளிக்கு வாங்கினேன்: 50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 6 தடிமன், நெருக்கமான ஸ்பாஞ்சு. எட்டு மாதம் ஆகிறது, அமுங்கவில்லை. வாங்கும்போது ஏறி நின்று பாருங்கள், இறங்கியதும் மெத்தை உடனே மேலே எழும்புகிறதா என்றும் பாருங்கள். அடிப்பக்கம் வழுக்குகிறதா என்று தள்ளிப் பார்ப்பது அதைவிட முக்கியம். ஓடு போட்ட தரையில் என்னுடையது சறுக்கியது, கீழே பழைய யோகா பாயை விரித்துச் சரிசெய்தேன்.

நான் தையல்காரி என்று தெரிந்ததும் அவள் என் வேலையையே பயிற்சியாக மாற்றியதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. துணி வெட்டும் மேசையில் எட்டி, தூரத்து ஓரத்தில் சாக்பீஸ் கோடு போடும்போது நான் மேசையில் கவிழ்ந்துவிடுவேன். அதனால் வகுப்பில் என் உயரத்துக்கு ஒரு மேசையைச் சரிசெய்து, டேப்பை ஒட்டி, இடுப்பு எவ்வளவு பின்னால் போனால் கை எவ்வளவு முன்னால் போகும் என்று வாராவாரம் அளந்தாள். எட்டும்போது குதிகால் தூக்குகிறதா, விரல்கள் தரையை இறுக்கிப் பிடிக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னாள். இன்னொன்று, நடந்துகொண்டே பேசுவது. பேச்சுக் கொடுத்தால் என் நடை தடுமாறும், பசாரில் யாராவது “எப்படிக்கா இருக்கீங்க” என்று கேட்டால் நான் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்வேன். அவள் ஒரு கோட்டில் நடக்கவிட்டு, ரவிக்கை அளவைச் சொல்லச் சொல்வாள்: மார்பு 36, இடுப்பு 31, கை நீளம் 10, கழுத்து முன் 7. பிறகு அதையே கடைசியிலிருந்து முதலுக்கு. மூன்றாவது வாரம் “கை நீளம்” வந்ததுமே கால் பின்னிக்கொண்டது. ஒன்பதாவது வாரம் இரண்டு பேருடைய அளவை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

அடுத்து வெயில். எம்.எஸ். உள்ளவர்கள் கோலாலம்பூரில் இருந்தால் பயிற்சியைவிடப் பயிற்சி நேரம் முக்கியம் என்பது என் அனுபவம். உடம்பின் உள்சூடு அரை டிகிரி கூடினாலே உறை போன நரம்பில் சேதி தடைபடும். உடம்பை வருத்தி வேலை செய்தால் பார்வை மங்குவதை ஊட்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே கண்டு எழுதினார், சூடுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது, அவர் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முன்னால், சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதையே ஒரு சோதனையாக வைத்திருந்தார்களாம். நான் எண்ணெய்க் குளியலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டுதானே கண்ணை மூடினேன், இரண்டும் சேர்ந்துதான் என்னைத் தள்ளியிருக்கிறது.

எனக்கு முதலில் கொடுத்த நேரம் மதியம் 3 மணி. முதல் இரண்டு வாரமும் கொமுட்டர் நிலையத்துக்கு நடந்து போவதற்குள் வலது கால் இரும்பாகிவிட்டது, வகுப்பில் பாதிகூடச் செய்ய முடியவில்லை. காலை 9.30க்கு மாற்றிக் கேட்டேன், இரண்டு வாரம் கழித்து மாற்றிக் கொடுத்தாள். இதை அவளே முதலில் யோசித்திருக்க வேண்டும். என் பார்வையில் இது அவள் பக்கம் ஒரு குறை. 9.30க்கு மாறிய பிறகு நான் வேறு ஆளாக இருந்தேன். குளிர்பெட்டியில் வைத்த ஈரத் துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போவேன், கழுத்தில் சுற்றிக்கொள்வேன். ஐஸ் தண்ணீர் புட்டி ஒன்று. பத்து நிமிடப் பயிற்சிக்கு மூன்று நிமிட ஓய்வு, களைப்பு வந்த பிறகு ஓய்வில்லை, வருவதற்கு முன்னாலேயே. முந்திய இடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். சூட்டினால் வரும் மரமரப்பும் மங்கலும் உடம்பு குளிர்ந்தால் போய்விடும். ஆனால் புதிதாக ஏதாவது அறிகுறி வந்து 24 மணி நேரம் தாண்டியும் நின்றால், அதைச் சூடு என்று நினைத்துச் சும்மா இருக்காமல் நரம்பு மருத்துவரிடம் போக வேண்டும். முதல் நாளே அவள் இதை எழுதிக் கொடுத்தாள்.

எட்டாவது வாரம் விழுந்தால் எழுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தாள். எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது, விழாமல் இருக்கத்தானே வந்தேன். ஆனால் எம்.எஸ். உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவையாவது விழுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உடனே எழக்கூடாது. எங்கேயாவது வலிக்கிறதா என்று படுத்தபடியே பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, கையூன்றி, முட்டி போட்டு, ஒரு நாற்காலி வரைக்கும் தவழ்ந்து, இரண்டு கையையும் இருக்கையில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, பின்பக்கத்தைத் திருப்பி நாற்காலியில் உட்கார வேண்டும். ஆறு பேரும் பாயில் படுத்து எழுந்தோம். ரவாங்கிலிருந்து வரும் ஐயா ஒருவர், ஸ்ட்ரோக் வந்தவர், முதல் தடவையாகத் தானே எழுந்து உட்கார்ந்தபோது எல்லாரும் கை தட்டினோம். விழுந்தால் எழுந்துவிடுவேன் என்று தெரிந்த பிறகு என் தோள் இறுக்கம் விட்டது, அதனாலேயே நடை சீரானது.

இனி குறைகள். படிக்கட்டைச் சொல்லிவிட்டேன். வகுப்பில் ஆறு பேரும் ஆறு விதம்: எனக்கும் ஒரு மலாய்த் தம்பிக்கும் எம்.எஸ்., ஒரு சீன அம்மாவுக்குப் பார்க்கின்சன், மற்றவர்களுக்கு ஸ்ட்ரோக். மற்றவர்களுக்கு ஓய்வு தேவைப்படாத நேரத்தில் எங்கள் இருவருக்கும் தேவைப்படும், அப்போது நாங்கள் வகுப்பைத் தாமதப்படுத்துகிற உணர்வு வரும். எம்.எஸ். உள்ளவர்களுக்கு மாதம் ஒரு தனி வகுப்பாவது வைக்கலாம். வீட்டுப் பயிற்சித் தாள் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் இருந்தது. அவள் தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதத்தான் வராது. என் மகள் உட்கார்ந்து தமிழில் எழுதி, நானே மூலைக்கும் நாற்காலிக்கும் படம் வரைந்தேன். அந்தத் தாளை இப்போது அங்கே நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல் இருந்தது, நாங்கள் கேட்ட பிறகு ஒன்பதாவது வாரம் பொருத்தினாள்.

முதல் நாள் சோதனைக்கு 150 வெள்ளி, பன்னிரண்டு வகுப்புக்கும் சேர்த்து 840, ஆக 990 வெள்ளி. எனக்கு அது லேசான தொகை இல்லை, தீபாவளிக்கு முந்திய ஒரு மாதத் தையல் கூலியில் பெரும்பகுதி. மூன்று தவணையில் கட்டவிட்டாள். அரசாங்க மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்கு மருத்துவரின் கடிதத்தோடு போனால் செலவு மிகக் குறைவு. முடிந்தவர்கள் முதலில் அங்கே கேளுங்கள். காத்திருக்க வேண்டிவந்தால் அந்த இடைவெளியில் இப்படி ஓர் இடம் உதவும்.

கடைசி வாரம் மறுபடியும் அதே சோதனைகள். பெர்க் 39இலிருந்து 46. மூன்று மீட்டர் நடை 15 விநாடியிலிருந்து 12. வெறும் தரையில் கண் மூடி 11 இருந்தது 30ஐத் தொட்டது. மெத்தையில் கண் மூடி 2 இருந்தது 9. வலது பாதத்துக்கு உணர்வு திரும்பவில்லை. திரும்பாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள், அந்த நேர்மைக்காகவே அவளை மதிக்கிறேன். மஞ்சள் கல்லில் கோடும் புள்ளியும் அந்தக் காலுக்கு இன்னும் ஒன்றுதான். ஆனால் கல் சாய்ந்திருந்தால் கணுக்காலுக்கும் இடுப்புக்கும் இப்போது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

தானாக எழுந்து நிற்க முடிந்து, கைத்தடியோடோ இல்லாமலோ நடப்பவர்களுக்கு இந்த மாதிரி வகுப்பு ஏற்றது. புதிதாக நோய் தாக்கி மருந்து ஏறிக்கொண்டிருப்பவர்கள் அது அடங்கிய பிறகு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போகட்டும். எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாள் இதைக் கேளுங்கள்: என்னைக் கண் மூடி நிற்கவைத்துப் பார்ப்பீர்களா? நடுவில் ஓய்வு உண்டா? காலை நேரம் கிடைக்குமா? ஏர்கோன் வேலை செய்கிறதா? இந்த நாலுக்கும் ஆமாம் என்று வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

இப்போது மாதம் ஒரு தடவை போகிறேன். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் தொடர்கிறது, தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கீழே. குளியலறையில் கம்பி பொருத்தியாகிவிட்டது. கால் அகலமான பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்துதான் சீயக்காய் தேய்க்கிறேன். 30 விநாடி நிற்க முடிகிறதே, ஸ்டூலை எடுத்துவிடலாமா என்று போன மாதம் கேட்டேன். “தலை அலச எவ்வளவு நேரம் ஆகும்கா?” என்றாள். வீட்டுக்கு வந்து மகளை விட்டுக் கணக்குப் பார்த்தேன். நாலு நிமிடம். ஸ்டூல் அங்கேயே இருக்கிறது.